தங்க விளிம்பு ‘இளவரசன்’: கடலூர் உப்புக் காற்றில் பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கருஞ்சிவப்பு ரெக்சின் அட்டை, அதில் பொன்னிறத்தில் அழுத்திய கொடி வேலைப்பாடு, மூன்று பக்கமும் தங்கப் பூச்சு, அடையாளத்துக்கு ஒரு பட்டு நாடா. ஆட்சியைப் பிடிப்பதும் காப்பதும் பற்றி இத்தாலியின் மாக்கியவெல்லி எழுதிய ‘இளவரசன்’ நூலுக்கு வந்த ஆங்கிலப் பரிசுப் பதிப்பு இது. நான் வேலையில் சேர்ந்தபோது சித்தப்பா வாங்கிக் கொடுத்தார். “அழகுக்கு வைக்காதப்பா, எடுத்துப் படி” என்றார். படித்தேன், இன்னும் படிக்கிறேன்.

கட்டு அருமை. தாள்களை நூலால் தைத்திருக்கிறார்கள். மேசையில் விரித்தால் விரித்தபடியே கிடக்கும், இதுவரை ஒரு தாள்கூடக் கழன்று வரவில்லை. தங்க விளிம்பு மட்டும் புதிதில் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். இழுத்தால் கிழியும், கட்டைவிரலால் மெல்ல விசிறிப் பிரிக்க வேண்டும். முதுகில் இருக்கும் பொன் எழுத்து, கைபடும் இடத்தில் மங்கிவிட்டது.

பெரிய சோதனை எங்கள் ஊர்க் காற்றுதான். வீடு தேவனாம்பட்டினம் பக்கம். ஐப்பசி, கார்த்திகையில் சுவரே ஈரம் கசியும். கண்ணாடிக் கதவு அலமாரியில் காற்றோட்டம் இல்லாததால் ரெக்சின்மேல் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்தது, முதல் சில தாள்களில் பழுப்புப் புள்ளியும் விழுந்தது. உலர்ந்த துணியால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் ஆறவிட்டேன். வெயிலில் வைத்தால் அட்டை வளைந்துவிடும். இப்போது சுவரை ஒட்டாத திறந்த தட்டில் இருக்கிறது, பக்கத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம். ராமபாணப் பூச்சிக்கு அம்மா வைத்த வசம்புத் துண்டும் உண்டு. அடிக்கடி கையில் எடுப்பதால் பூஞ்சை திரும்ப வரவில்லை.

என் குறை உள்ளடக்கத்தில்தான். 1908இல் வந்த மாரியட் மொழிபெயர்ப்பை அப்படியே அச்சிட்டிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பு படிக்கத் தகுந்தது. ஆனால் ஒரு குறிப்பு இல்லை, வரைபடம் இல்லை. ஏழாம் அத்தியாயத்தில் சேசரே போர்ஜியா வருகிறார், அவருடைய தந்தை போப் ஆறாம் அலெக்சாந்தர், ரொமாஞ்யா நகரங்கள், பிரெஞ்சுப் படை என்று பெயர்கள் குவிகின்றன. நூல் எழுதப்பட்ட 1513இல் இத்தாலி எப்படிச் சிதறிக் கிடந்தது என்று தெரியாதவருக்குத் தலை சுற்றும். அட்டைக்குச் செலவழித்ததில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கியிருக்கலாம். இந்த நூலை ஆடம்பரச் சொற்களாலோ புற அலங்காரத்தாலோ நிரப்பவில்லை என்று ஃபுளோரன்ஸை ஆண்ட குடும்பத்தின் லொரென்சோ தே மெதிச்சிக்கு எழுதிய முன்னுரையில் மாக்கியவெல்லியே சொல்கிறார். பதவி பறிபோய், சிறையில் சித்திரவதைப்பட்டு, கிராமத்தில் ஒதுங்கியிருந்தபோது எழுதியது. அச்சில் வந்தது 1532இல், அவர் இறந்து ஐந்து வருடம் கழித்து. அப்படிப்பட்ட நூலுக்கு நல்ல குறிப்புகளைவிடப் பெரிய அலங்காரம் என்ன இருக்கிறது?

ஊருக்கெல்லாம் தெரிந்தது பதினேழாம் அத்தியாயம், ஆள்பவர்மேல் மக்களுக்கு இருக்க வேண்டியது அன்பா பயமா என்ற கேள்வி. என் பட்டு நாடா நிரந்தரமாகக் கிடப்பது இருபத்தைந்தாம் அத்தியாயத்தில். விதியை வெள்ளம் புரளும் ஆற்றோடு ஒப்பிடுகிறார். பொங்கினால் மரத்தையும் வீட்டையும் அடித்துப்போகும், எல்லோரும் ஓடத்தான் வேண்டும். ஆனால் அமைதியான காலத்தில் கரையும் தடுப்பும் கட்டிவைக்கலாமே என்கிறார். நம் செயல்களில் பாதி விதியின் கையில், மறுபாதி கிட்டத்தட்ட நம்மிடம். 2024இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் இறங்கி, கரையோர ஊர்கள் மூழ்கியதை நேரில் பார்த்த வாரத்தில் இதைத் திரும்பப் படித்தேன். கோடையில் எந்த வாய்க்கால் தூர் வாரப்பட்டது, எந்தக் கரை பலவீனமாக விடப்பட்டது என்று கேட்பதுதான் அரசியல் என்று அன்று அழுத்தமாகப் பட்டது. வஞ்சக நூல் என்று இதை ஒதுக்குபவர்கள் இந்த அத்தியாயத்தையாவது படிக்க வேண்டும்.

வாங்குவதானால் முதுகின் மேல்முனையைப் பாருங்கள். தாள்கள் சிறுசிறு மடிப்புக் கட்டுகளாகத் தெரிந்தால் பெரும்பாலும் தைத்த கட்டு. தட்டையாகப் பசை மட்டும் தெரிந்தால் விட்டுவிடுங்கள், நம் ஈரத்துக்குத் தாங்காது. பரிசாகக் கொடுப்பதானால், குறிப்புகளோடு வரும் சாதாரண பேப்பர்பேக் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். அப்புறம், இருபத்தைந்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.