4,500 ஆர்பிஎம்முக்கு மேல் தள்ளுகிறதா? பழைய எஃப்டி கார் ஒன்றை வாங்க நினைக்கும் தம்பிக்கு

நேற்று சாயங்காலம் வண்டியை வொர்க்‌ஷாப்பிலிருந்து எடுத்து வந்தேன். பதினோரு வருடத்தில் இதே கோளாறுக்காக நான்காவது முறை. வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தால், கவாசாகி நகரில் இருக்கும் தம்பியிடமிருந்து ஆறு படங்கள். சிவப்பு நிற மஸ்டா ஆர்எக்ஸ்-7 ஸ்போர்ட்ஸ் கார், எஃப்டி என்று சொல்லும் மூன்றாம் தலைமுறை, 1998 மாடல், மேனுவல் கியர். கீழே ஒரு வரி: "அண்ணா, 62 லட்சம் யென் சொல்றாங்க. வாங்கலாமா வேண்டாமா, ஒரே வார்த்தைல சொல்லுங்க."

ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு வரவில்லை. கையில் இன்னும் கிரீஸ் வாசனை போகவில்லை, பில்லும் பாக்கெட்டில்தான் இருந்தது. அதனால் முழுதாக எழுதிவிடுகிறேன். அவனைப் போலவே கேட்பவர்கள் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள்.

என்னுடையதும் எஃப்டிதான், 1997 வண்டி. இங்கே ஜப்பானில் யோன்-கத்தா, அதாவது நான்காம் வகை என்பார்கள். 2014-ல் 18 லட்சம் யென் கொடுத்து வாங்கினேன், அப்போது 98,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. ரோட்டரி எஞ்சின் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர்கள் சுழலும்), 1,308 சிசி, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் இரட்டை டர்போ, 265 குதிரைத்திறன் என்பதெல்லாம் இதைப் படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். நான் பேச வந்தது அந்த இரண்டு டர்போக்களுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸ்களைப் பற்றி.

இந்த வண்டியில் இரண்டு டர்போவும் சேர்ந்தே சுழல்வதில்லை. கீழ் ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது, முதலாவது மட்டும் வேலை செய்யும். 4,500-ஐ நெருங்கும்போது இரண்டாவதைக் கொஞ்சம் முன்கூட்டியே சுழலவிட்டு, சரியான கணத்தில் அதையும் சேர்த்துக்கொள்ளும். இதற்கான கதவுகளைத் திறந்து மூடுவது காற்றுதான். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ, மின்சாரத்தில் திறந்து மூடும் ஒரு சின்ன சொலினாய்டு வால்வுக்கு உத்தரவு கொடுக்கும். அது காற்றை விடும். அந்தக் காற்று ஹோஸ் வழியாகப் போய் ஒரு சவ்வைத் தள்ளும் அல்லது இழுக்கும், கதவு திறக்கும். இப்படிப் பல சொலினாய்டுகள், ஒருவழி வால்வுகள், பென்சில் தடிமன்கூட இல்லாத ஹோஸ்கள். எல்லாம் எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்த் தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், எஞ்சின் சூட்டில், கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடத்தில். இதில் ஒரே ஒரு ஹோஸ் விரிசல் விட்டால் போதும், இரண்டாவது டர்போ வராது. எது விரிசல் விட்டது என்று வண்டி சொல்லவும் சொல்லாது.

முதல் முறை எனக்கு இது வந்தது 2016 குளிர்காலத்தில். எபினா சர்வீஸ் ஏரியாவிலிருந்து டோமெய் எக்ஸ்பிரஸ்வேயில் ஏறுகிறேன். மூன்றாவது கியர், முழுதாக மிதித்திருக்கிறேன். 4,000 வரை எப்போதும் போல. 4,500-ல், டர்போ தள்ளும் காற்றழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மீட்டர் முள் 0.7-லிருந்து 0.4-க்கு இறங்கியது, ஏறவே இல்லை. பின்னால் பெரிய லாரி. அந்தப் பத்து விநாடியை நான் இன்னும் மறக்கவில்லை.

பக்கத்தில் இருந்த ஒரு வொர்க்‌ஷாப்பில் காட்டினேன். அரை மணி நேரம் பார்த்துவிட்டு டர்போ போய்விட்டது என்றார்கள். நம்பி மாற்றினேன், 3 லட்சத்துக்கு மேல் ஆனது. இரண்டே மாதத்தில் அதே கோளாறு. திரும்பப் போய்க் கேட்டால், பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று பதில். தெரியாது என்று சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்காது. தெரிந்த மாதிரி சொல்லி என் பணத்தை வாங்கினார்கள்.

பிறகு தெரிந்தவர் ஒருவர் அட்சுகி பக்கம் ரோட்டரி மட்டுமே பார்க்கும் ஒரு பெரியவரிடம் அனுப்பினார். அவர் டர்போவைத் தொடவே இல்லை. மேனிஃபோல்டைக் கழற்றினார், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே கைவிட்டு ஒரு ஹோஸை உருவி எடுத்தார். விரல் நீளம்தான் இருக்கும். இரண்டு விரலால் லேசாக வளைத்தார். காய்ந்த வேப்பங்குச்சி மாதிரி டக்கென்று ஒடிந்தது. உடைந்த இரண்டு துண்டையும் என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, டர்போவில் ஒன்றுமே இல்லை, காற்று போய்ச் சேரவில்லை என்றார். அந்த ஹோஸின் விலை சில நூறு யென்.

அன்றே எல்லா ஹோஸையும் சிலிக்கோனுக்கு மாற்றிவிடச் சொன்னார். கூலி கூடும் என்று நான் ஒடிந்ததையும் அதற்குப் பக்கத்தில் இருந்த நாலையும் மட்டும் மாற்றினேன். அது என் தப்பு. அடுத்து ஒருவழி வால்வு. அதற்கடுத்து சொலினாய்டின் பிளாஸ்டிக் மூக்கு, ஹோஸைக் கழற்றும்போதே முறிந்தது. இப்போது, கிளிப் இல்லாமல் வெறுமனே செருகியிருந்த ஒரு ஹோஸ் நழுவியிருந்தது. ஒவ்வொரு முறையும் பாகத்துக்கு ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. அதை எட்டிப் பிடிக்க ஆகும் கூலி இரண்டு நாள் கூலி. வாங்குகிறவர்கள் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஹோஸ் முழுவதும் மாற்றிய பில் இல்லாத எஃப்டியை, ஹோஸ் மாற்ற வேண்டிய எஃப்டி என்றே கணக்கு வையுங்கள்.

இதற்கு மஸ்டாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 1991 ஜூனில் அவர்களுடைய ரோட்டரி பந்தயக் கார் 787பி, லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்தது. அதே வருடக் கடைசியில் எஃப்டி விற்பனைக்கு வந்தது. ரோட்டரியை நம்பி உயிரைக் கொடுத்து உழைத்தவர்கள் செய்த வண்டி. முப்பது வருடம் கழித்தும் அந்த ரப்பர் வளைய வேண்டும் என்று யார் உத்தரவாதம் கொடுக்க முடியும்? 2020-ல் எஃப்சி (எஃப்டிக்கு முந்தைய தலைமுறை ஆர்எக்ஸ்-7), எஃப்டி இரண்டுக்கும் பல உதிரிபாகங்களை அவர்களே மறுபடி தயாரித்துத் தர ஆரம்பித்ததையும் சொல்ல வேண்டும். என் வண்டியிலும் அந்தப் பாகங்கள் சில ஓடுகின்றன.

"இந்தத் தொல்லையே வேண்டாம், இரண்டு டர்போவும் எப்போதும் சேர்ந்தே ஓடுகிற மாதிரி மாற்றிவிடு, இல்லையென்றால் பெரிதாக ஒரே டர்போ போடு" என்று மூன்று பேர் எனக்குச் சொல்லிவிட்டார்கள். நல்ல யோசனைதான். ஹோஸில் பாதி தூக்கிப் போடலாம். ஆனால் என்னால் முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

ஒடவாராவிலிருந்து தைகான்ஸான் உச்சி வரை ஹகோனே டர்ன்பைக் என்ற மலைச்சாலை போகிறது. கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர், கடலோரத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு ஏற்றம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அந்த ஏற்றத்தில் மூன்றாவது கியரில் 2,500-ல் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினால் உடனே பிக்கப் வரும். காத்திருக்க வேண்டியதில்லை, அதுதான் முதல் டர்போவின் வேலை. முள் ஏறுகிறது, 3,500, 4,000. 4,500-ல் ஒரு சின்னத் தயக்கம். பூஸ்ட் முள் லேசாகத் தலையைத் தாழ்த்தும். அடுத்த நொடி, ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருக்கும் தேரின் வடத்தில் இன்னொரு தெருக்காரர்களும் வந்து கைவைத்த மாதிரி, முதுகு சீட்டோடு ஒட்டும். அப்படியே 8,000 வரை. பிஸ்டன் இல்லாததால் அந்த உயரத்திலும் ஸ்டியரிங்கில் அதிர்வே கிடையாது. பதினோரு வருடம் ஆகியும் அந்தத் தயக்கத்துக்காக நான் காத்திருக்கிறேன். அது எங்கே வரும் என்று என் வலது கால் பாதத்துக்குத் தெரியும். ஒரே டர்போ போட்டால் வேகம் இதைவிடக் கூடலாம். அந்த ஒரு நொடி போய்விடும்.

வண்டியின் எடை 1,260 கிலோவை ஒட்டித்தான். எஞ்சின் முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி உட்கார்ந்திருப்பதால் வளைவில் மூக்கு கனக்காது. இதில் ஒருநாளும் எனக்குக் குறை இருந்ததில்லை, இனியும் இருக்காது.

அடுத்தது பணம். 2019 ஆகஸ்டில் யோகோஹாமா நெரிசலில் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க் விரிசல் விட்டது. வயதான பிளாஸ்டிக்தான். இந்த வண்டியில் கம்பெனி வெப்பமானியின் முள் நடுவில் போய் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். அது நகரும்போது எஞ்சினுக்குள் கூலன்ட் சீல் போயிருக்கும். எனக்கும் போனது. எஞ்சினை இறக்கிப் புதிதாகக் கட்ட 11 லட்சம் யென். ஊருக்குப் போக எடுத்துவைத்த பணம் அதில்தான் கரைந்தது. அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை, ஆபீஸில் லீவு இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அந்தப் பொய் இன்னும் உறுத்துகிறது. வாங்கியவுடனே ஒரு டிஜிட்டல் வெப்பமானி வைத்திருந்தால் சில ஆயிரங்களோடு முடிந்திருக்கும்.

வருடாந்திர வாகன வரியையும் கேட்டுக்கொள். 1,308 சிசிதானே என்று நினைக்காதே. ரோட்டரிக்கு ஒன்றரை மடங்காக்கி 1,962 சிசி என்று கணக்குப் போட்டு, 2,000 சிசி வகையில் வைப்பார்கள். அதற்கு 39,500 யென். 13 வருடம் தாண்டிய வண்டி என்பதால் அதற்கு மேல் கூடுதல் சேர்த்து 45,400. ஒரு பழைய பொருளைப் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருப்பவனிடம் அதிக வரி கேட்பது எனக்கு இன்றுவரை நியாயமாகப் படவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஷகென், அதாவது கட்டாய வாகனப் பரிசோதனை, அந்தச் செலவு தனி. ஹை-ஆக்டேன் பெட்ரோல் லிட்டருக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர்.

விலை ஏறியதற்குக் காரணம் வண்டி திடீரென்று நல்லதாகிவிட்டது என்பதல்ல. 25 வருடம் தாண்டிய வண்டியைத் தடையில்லாமல் இறக்கிக்கொள்ள அமெரிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. வருடா வருடம் ஒவ்வொரு வகையாக அந்த வயதைத் தாண்ட, நல்ல வண்டிகள் கப்பல் ஏறிப் போகின்றன. 2002-ல் தயாரிப்பே நின்றுபோனது. மிச்சம் இருப்பதற்குச் சொன்னதுதான் விலை. நீ அனுப்பிய படத்தில் இருப்பது புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டி. அந்த 62 லட்சத்தில் எஞ்சினுக்கு எவ்வளவு, பெயின்ட்டுக்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்ல மாட்டார்கள்.

பார்க்கப் போனால் என்ன பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய். வெள்ளைப் புகை அடங்காமல் இனிப்பு வாசனையோடு வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது, அங்கேயே கிளம்பிவிடு. இருபது நிமிடம் ஓட்டி, அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய். கம்ப்ரஷன் (எஞ்சினுக்குள் காற்று அழுந்தும் அளவு) குறைந்த ரோட்டரி சூட்டில்தான் மக்கர் செய்யும். கம்ப்ரஷனை ரோட்டரிக்கான கருவியில்தான் எடுக்க வேண்டும். ஒரு ரோட்டருக்கு மூன்று முகம், இரண்டு ரோட்டருக்கு ஆறு எண் வரும். எண்கள் ஒன்றுக்கொன்று ஒன்றரை கிலோவுக்கு மேல் வித்தியாசப்பட்டால் வேண்டாம். விற்பவரிடம் எஞ்சின் ஆயில் எவ்வளவுக்கு ஒருமுறை ஊற்றுவார் என்று கேள். இந்த எஞ்சின் சீல்களை நனைக்கத் தானே கொஞ்சம் ஆயிலை எடுத்து எரிக்கும், அது அதன் இயல்பு. ஊற்றியதே இல்லை என்று பெருமையாகச் சொன்னால் ஒன்று அவர் ஓட்டியதில்லை, இல்லை ஆயில் பம்பு வேலை செய்யவில்லை. கடைசியாக, பூஸ்ட் மீட்டர் வைத்து மூன்றாவது கியரில் 2,000-லிருந்து முழுதாக மிதி. 4,500-ல் முள் தாழ்ந்து திரும்ப ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் என் கதை முழுவதும் உனக்கும் வரும்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் என் பதில், வாங்காதே. உனக்கு இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. 62 லட்சத்துக்கு மேல் இன்னொரு 15 லட்சத்தைத் தொடாமல் எடுத்துவைக்க முடிந்தவர்தான் இந்த விலைக்கு இதை வாங்கலாம், உன்னால் இப்போது முடியாது. நான் வாங்கிய வண்டியும் காலமும் வேறு.

நேற்று அட்சுகியில் டோமெய் ஏறும்போது மூன்றாவது கியரில் மிதித்தேன். 4,500. முள் தாழ்ந்தது. ஒரு நொடி நெஞ்சு அடைத்தது. பிறகு ஏறியது. நான் இறங்க வேண்டிய இடம் யோகோஹாமா-மச்சிடா. இறங்கவில்லை. யோகோஹாமா-ஆவோபா வரை போய்த்தான் இறங்கினேன். வீட்டுக்கு வர முக்கால் மணி நேரம் கூடுதலாக ஆனது.

சனிக்கிழமை பார்க்கப் போவதாக எழுதியிருந்தாய். தனியாகப் போகாதே, நானும் வருகிறேன். பெரியவரிடம் கம்ப்ரஷன் கருவியோடு வர முடியுமா என்று கேட்டிருக்கிறேன். நாம் போய்ச் சேரும் வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் இன்றைக்கே சொல்லிவிடு.