கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு: வானமா, தண்டவாளமா, நெடுஞ்சாலையா?

சென்ற மாதம் பிரிக்பீல்ட்ஸ் தேநீர்க் கடையில் எங்கள் மூவருக்குள் மறுபடியும் அதே வாக்குவாதம். பினாங்குக்கு எப்படிப் போவது நல்லது? பத்து ஆண்டுகளாகப் போய்வந்துகொண்டிருக்கிறோம். இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. "ஒரு மணி நேரத்தில் பறந்துவிடலாம். எதற்காக நாலு மணி நேரம் ரயிலில் உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்று நண்பர் கேட்டார். நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுபவர் குறுக்கிட்டு, "ஆறு பேருக்கு டிக்கெட் எடுத்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம்" என்றார்.

மூவரின் நிலையும் வேறு வேறு. நண்பருக்குச் சுபாங் ஜெயாவில் வீடு, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மாதம் இரண்டு தடவை வேலை. அண்ணன் ரவாங்கில் இருக்கிறார். மனைவி, மூன்று பிள்ளைகள், எழுபது கடந்த தாயார். மாமனார் வீடு ஆயர் ஈத்தாமில். நான் செந்தூலில் குடியிருக்கிறேன். என் அக்காள் ஜார்ஜ்டவுனில் பினாங்கு வீதிக்குப் பக்கத்துச் சந்தில் வசிக்கிறார். அன்று இரவே மூன்று வழிகளையும் ஒரு தாளில் எழுதிக் கணக்குப் போட்டேன். டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் நேரத்தை ஒதுக்கிவிட்டு, என் வீட்டுப் படியிலிருந்து அக்காள் வீட்டுப் படி வரை எவ்வளவு ஆகிறது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

விமானத்திலிருந்து தொடங்குகிறேன். அட்டவணையில் ஒரு மணி நேரம். வானில் இருப்பதோ ஏறக்குறைய முக்கால் மணிதான். ஆனால் 1998இல் சிப்பாங்கில் திறக்கப்பட்ட கே.எல்.ஐ.ஏ. என்னும் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் நகரைவிட்டு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. செந்தூலிலிருந்து நகரின் முதன்மை ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரல் போய்ச் சேர அரை மணி. அங்கிருந்து விரைவு ரயிலில் முதல் முனையத்துக்கு 28 நிமிடம், இரண்டாம் முனையத்துக்கு 33 நிமிடம். அதற்கே ஒருவழிக்கு 55 வெள்ளி (ரிங்கிட்). விமானம் புறப்பட ஒன்றேகால் மணிக்கு முன்பாவது அங்கே இருந்தால்தான் மனம் அமைதியாக இருக்கும். இறங்கிய பிறகு பெட்டிக்காகக் காத்திருக்க வேண்டும். பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸிலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு 16 கிலோமீட்டர், சாலை நெரிசலைப் பொறுத்து முக்கால் மணி வரை ஆகும். கூட்டினால் நாலரை மணி நேரம். அந்த நாலரை மணியில் எத்தனை முறை எழுந்து, வரிசையில் நின்று, பெல்ட்டைக் கழற்றி, பையைத் தூக்கி, மறுபடி உட்கார வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு புத்தகத்தில் பத்துப் பக்கம் சேர்ந்தாற்போல் படிக்க முடிவதில்லை. கையில் கொண்டுபோகும் பைக்கு ஏழு கிலோ வரம்பு வேறு. அக்காளுக்குக் கொண்டுபோகும் முறுக்கு டப்பாவையும் சேலைகளையும் வைத்துக்கொண்டு ஏழு கிலோவுக்குள் நிற்பது எளிதா?

ஆனால் நண்பரின் கணக்கு முற்றிலும் வேறு. அவருக்குச் சுபாங் விமான நிலையம் வீட்டிலிருந்து இருபது நிமிடம். 1998 வரை நாட்டின் முதன்மை விமான நிலையமாக இருந்த இடம் அது. இன்று ஏடிஆர் 72 ரக இறக்கைவிசிறி விமானங்கள் அங்கிருந்து பினாங்குக்குப் பறக்கின்றன. எழுபது சொச்சம் இருக்கைகள்தான். ஏறவும் இறங்கவும் நேரம் பிடிக்காது. அந்தப் பக்கம் இறங்கினால் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வாசலுக்குப் பத்து நிமிடம். வீட்டைவிட்டுக் கிளம்பி மூன்று மணி நேரத்துக்குள் அவர் கூட்ட அறையில் உட்கார்ந்திருப்பார். இதை எந்த ரயிலும் எந்தக் காரும் வெல்லப்போவதில்லை. அவர் விமானத்தில் போவதுதான் சரி. அதே சுபாங்கை எனக்குச் சிபாரிசு செய்வதுதான் சரியில்லை. கே.எல். சென்ட்ரலிலிருந்து அங்கே போய்க்கொண்டிருந்த இணைப்பு ரயிலை 2023இல் நிறுத்திவிட்டார்கள். செந்தூலிலிருந்து மாலை நெரிசலில் வாடகைக் காரில் சுபாங் போவதற்குள் பொறுமை கரைந்துவிடும்.

விமானத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை மூன்று மணிக்கு மேல் இடியும் மழையும் சேர்ந்து வருவது வழக்கம். மின்னல் எச்சரிக்கை இருக்கும் வரை ஓடுதளப் பக்கத்தில் பணியாட்கள் வேலை செய்யக் கூடாது. பெட்டி ஏற்ற மாட்டார்கள், எரிபொருள் நிரப்ப மாட்டார்கள். அது நம் பாதுகாப்புக்காகத்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அக்காள் மகளின் பரிசத்தன்று நான் மாலை விமானத்தை நம்பினேன். மழை ஒரு மணி நேரத்தில் விட்டது; புறப்பாட்டு நேரத்தையோ மூன்று தடவை மாற்றினார்கள், காரணம் சொல்ல ஒருவரும் வரவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது தட்டு மாற்றி முடித்து, வாழை இலைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அதன் பிறகு குடும்பக் காரியத்துக்கு மாலை விமானத்தில் நான் டிக்கெட் எடுப்பதில்லை. பறந்தே ஆக வேண்டுமென்றால் காலை முதல் விமானம்தான்.

புள்ளிகளுக்காகப் பறப்பவர்களும் உண்டு. இவ்வளவு குறுகிய தூரத்தில் மலேசியா ஏர்லைன்ஸின் என்ரிச் பயணப்புள்ளித் திட்டத்திலோ வேறு திட்டத்திலோ சேர்வது சொற்பம். அதற்காக வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

அண்ணனின் கார்ப் பயணத்துக்கு வருகிறேன். தலைநகரிலிருந்து பினாங்குத் தீவுக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். 1994இல் முழுமையடைந்த வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வேக வரம்பு 110. நெரிசல் இல்லாவிட்டால், ஒரு நிறுத்தத்தோடு நாலரை மணி நேரம். நூறு கிலோமீட்டருக்கு எட்டு லிட்டர் குடிக்கும் வண்டி என்றாலும் 28 லிட்டர் போதும். 2025 செப்டம்பர் இறுதியில் வந்த லிட்டருக்கு 1.99 வெள்ளி என்ற சலுகை விலையில் கணக்கிட்டால் 56 வெள்ளி. ஆறு பேருக்குப் பிரித்தால் தலைக்குப் பத்து வெள்ளிகூட வரவில்லை. டோல் கட்டணத்தையும் 2020 பிப்ரவரியில் 18 விழுக்காடு குறைத்தார்கள். அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆறு பேருக்கு இதைவிட மலிவான வழி இல்லை. ஆயர் ஈத்தாம் மேட்டு வீட்டு வாசலிலேயே பிள்ளைகளையும் மூட்டைகளையும் இறக்கிவிடலாம்.

வழியும் அழகானது. கோப்பேங்கைத் தாண்டியதும் சுண்ணாம்புக் குன்றுகள் சாலையோரம் வந்து நிற்கும். மழை பெய்து ஓய்ந்த காலையில் அவற்றின் இடுப்பில் மேகம் சுற்றியிருக்கும். ஈப்போவுக்கு வடக்கே மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் மேடும், அதை அடுத்த இறக்கமும்தான் கவனம் தேவைப்படும் இடங்கள். பாரம் ஏற்றிய லாரிகள் இடப்பக்கம் ஊர்ந்துகொண்டிருக்கும். பின்னாலிருந்து வேகமாக வருபவர்கள் திடீரென்று மாட்டிக்கொள்வார்கள். சுங்கை பேராக் ஓய்விடத்தில் அண்ணன் தவறாமல் நிறுத்துவார். கழிப்பறை, தே தாரேக், பிள்ளைகளுக்கு வறுத்த வாழைப்பழம், இருபது நிமிடம்.

பாலத்தைப் பற்றி நண்பரும் அண்ணனும் எப்போதும் சண்டையிடுகிறார்கள். 1985இல் திறந்த முதல் பாலம் 13.5 கிலோமீட்டர், பெருநிலப் பக்கத்துப் பிறையிலிருந்து தீவின் குளுகோர் பக்கம் இறங்குகிறது. 2014இல் திறந்த இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர். பத்து காவானிலிருந்து பத்து மாவுங் போகிறது. தெற்கிலிருந்து வரும் நமக்கு இரண்டாவது பாலத்தின் திருப்பம்தான் முதலில் வரும். ஆயர் ஈத்தாமுக்கோ ஜார்ஜ்டவுனுக்கோ முதல் பாலமே நேர். பாயான் லெப்பாஸுக்கு இரண்டாவதைவிட நல்ல வழி கிடையாது. வெள்ளிக்கிழமை மாலை மட்டும் என் தேர்வு எங்கே போவதானாலும் இரண்டாவதுதான். முதல் பாலத்துக்குப் போகும் வழியில் ஜூருவில் வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. தீவுக்குள் நுழையும்போது மட்டும்தான் பாலக் கட்டணம்; திரும்பும்போது இல்லை.

காருக்கு எதிராக என்னிடம் ஒரே ஒரு வாதம் இருக்கிறது, அது கனமானது. ஆறு ஆண்டுகளுக்கு முன் வேலை முடித்து இரவில் தனியாக ஓட்டிக்கொண்டு போனேன். தைப்பிங் தாண்டிய பிறகு சாலை சமதளமாக, வளைவில்லாமல் நீளும். இருபுறமும் இருட்டு. சக்கரங்கள் ஓரக்கோட்டின் மேல் ஏறி 'தடதட' என்று அதிர்ந்தபோதுதான் நான் கண்மூடியிருந்தது எனக்கே தெரிந்தது. அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தி, விளக்கடியில் கைகள் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றோடு தனியாக இரவில் ஓட்டுவதை விட்டுவிட்டேன். அண்ணனுக்குப் பக்கத்தில் அண்ணி இருக்கிறார், பேச்சுக் கொடுப்பார், வேண்டுமானால் ஓட்டவும் செய்வார். தனி ஆளாக, வேலை முடிந்த களைப்போடு ஸ்டீயரிங் பிடிக்க நினைக்கிறவர்களை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: வேண்டாம்.

இரவுப் பயணம்தான் தேவையென்றால் பஸ் இருக்கிறது. பண்டார் தாசேக் செலாத்தான் முனையத்தில் ஏறினால் ஐந்து மணி நேரத்தில் தீவுக்குள்ளேயே சுங்கை நிபோங்கில் இறங்கலாம். செலவு குறைவு, விடியுமுன் இறக்கிவிடுவதுதான் சங்கடம்.

என் வழி ரயில். 2015இல் மின்மய இரட்டைப் பாதையில் இ.டி.எஸ். என்னும் மின்சார ரயில் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த் வரை ஓடத் தொடங்கிய நாளிலிருந்து இதில்தான் போய்வருகிறேன். கே.எல். சென்ட்ரலிலிருந்து நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். உச்ச வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர். வீடு தொட்டு வீடு வரை எனக்கு ஐந்தே முக்கால் மணி நேரம் ஆகிறது. விமானத்தைவிட ஒன்றேகால் மணி நேரம் கூடுதல் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அதில் நாலு மணி நேரம் அறுபடாமல் என்னுடையது. வேலை செய்யலாம், தூங்கலாம், சிற்றுண்டிப் பெட்டிக்கு நடந்துபோய் நாசி லெமாக் வாங்கிவரலாம். முறுக்கு டப்பாவை எடைபோட யாரும் வருவதில்லை. இருக்கை எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஒவ்வொரு பெட்டியிலும் பாதி இருக்கைகள் பயணத் திசைக்கு முதுகைக் காட்டி இருக்கும். தலைசுற்றல் உள்ளவர்கள் அதைப் பார்த்து எடுக்க வேண்டும். பண்டிகைக் கால டிக்கெட்டுகள் விற்பனை திறந்ததும் தீர்ந்துவிடும். தீபாவளி வாரத்தில் கடைசி நேரத்தில் தேடிப் பயனில்லை.

இந்தப் பாதையோடு எனக்கு உறவும் இருக்கிறது. அப்பா செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். அந்தப் பட்டறை பின்னாளில் பத்து காஜாவுக்குப் போய்விட்டது. ரயில் அந்த ஊரைக் கடக்கும்போதெல்லாம் தலையைத் திருப்பிப் பார்ப்பேன். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885இல் நாட்டின் முதல் ரயில் பாதை போட்டதிலிருந்து தண்டவாளத்தில் நம்மவர்களின் வியர்வை இருக்கிறது. பாடாங் ரெங்காஸுக்கு அப்பால் புக்கிட் பெராப்பிட் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இருட்டு. தைப்பிங்கும் கடந்த பிறகு புக்கிட் மேரா ஏரி. ரயில் ஏரியின் நடுவே போட்ட பாலத்தின்மேல் ஓடும். ஜன்னலில் தண்டவாளம் தெரியாது, தண்ணீர் மட்டும்தான். காலை வெயிலில் கொக்குகள் நாணலோரம் அசையாமல் நிற்கும்.

பட்டர்வொர்த்தில் இறங்கி, கூரை போட்ட நடைபாதை வழியாகப் படகுத்துறைக்கு வந்துவிடலாம். 1894இல் தொடங்கிய படகுச் சேவை இது. பழைய பெரிய படகுகள் 2020 முடிவோடு கார்களை ஏற்றுவதை நிறுத்திவிட்டன. 2023 ஆகஸ்டில் புதிய நாலு படகுகள் வந்தன. பயணிகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் மட்டும். இரண்டு வெள்ளி கொடுத்து ஏறினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் அக்கரை. அங்கிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போகிறேன். முதலில் மணிக்கூண்டு தெரியும், பிறகு மல்லிகை வாசம் வரும்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. சிப்பாங்கில் இறங்கியவர் பெட்டியோடு நகருக்குள் வந்து ரயில் பிடிப்பது வீண் அலைச்சல். அங்கேயே அடுத்த விமானம் ஏறுவதே நல்லது. சென்னையிலிருந்து வருபவர்களுக்கு அதுவும் தேவைப்படாத வழி ஒன்று வந்தது: 2024 டிசம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடிச் சேவையைத் தொடங்கியது.

அண்ணனின் கணக்கில் ஆறாவது ஆளான அவர் தாயாரோ இரண்டு ஆண்டுகளாகக் காரில் போவதில்லை. முழங்காலை மடக்கி நாலரை மணி நேரம் உட்கார முடியவில்லை. பிள்ளைகளோடு அண்ணன் நெடுஞ்சாலையில் வருவார். அவர் அம்மா என்னோடு ரயிலில் வருவார், நினைத்த நேரத்தில் எழுந்து நடப்பார். பாகான் செராய் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர் அவர். போன தைப்பூசத்துக்குப் போகையில் அந்த நிலையம் வருவதற்கு முன்பே பையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, கண்ணாடியில் விரல் வைத்து, செம்பனை வரிசைகளுக்கு நடுவே ஓர் இடத்தைக் காட்டினார். "அங்கேதான் தம்பி எங்கள் லயம் இருந்தது." நான் பார்ப்பதற்குள் ரயில் கடந்துவிட்டது. வரும் தைப்பூசத்துக்கு இரண்டு இருக்கைகள் எடுத்திருக்கிறேன், திசை பார்த்து, ஜன்னலோரம் அவருக்கு.