டாரா, ஜிப்பா, செவன் ஜிப்பா, ராரா: எத நம்பிப் பிரிக்கிறது?

டார், ஜிப், செவன் ஜிப், ரார் எல்லாமே நிறைய ஃபைல ஒண்ணாக் கட்டி வைக்கிற ஆர்க்கைவ் ஃபார்மட்டுங்க, கட்ட திரும்பத் தொறக்குறதத்தான் பிரிக்கிறதுன்னு சொல்றோம். மதுரையில பிரஸ், டிசைனிங் கடை வச்சிருக்க அண்ணன்மாருக்கு ரார் இல்லாம பொழுது போகாது, இலந்தைக்குளம் ஐடி பார்க் பக்கம் சர்வர் பாக்குற பசங்க டார் தவிர எதையும் தொட மாட்டாங்க. ரெண்டு கூட்டமும் அவங்கவங்க பழக்கத்துல சொல்றாங்க, ஆனா எந்தக் கட்டு ஃபைலோட சேத்து நிறைய விஷயத்த தூக்கிட்டு வருதோ அதுலதான் வில்லங்கமும் ஒளிஞ்சு வரும்.

டார் எடுத்துக்கங்க. ஓனர், குரூப், பெர்மிஷன் (யாரு படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம்), செட்யூஐடி பிட் (யாரு ஓட்டுனாலும் ஓனரோட அதிகாரத்துல ஓட வைக்கிற குறி) வரைக்கும் அப்படியே வச்சிருக்கும், ஜிஜிப், எக்ஸ்இசட் எல்லாம் சும்மா அமுக்குற வேலை மட்டும்தான். சாதாரண யூசரா பிரிச்சா ஃபைல் உங்க பேருக்கு வந்துரும், பெர்மிஷன யூமாஸ்க்ங்கிற செட்டிங் கொஞ்சம் வெட்டிரும், ஆனா ரூட்டா, அதாவது லினக்ஸ்ல முழு அதிகாரம் உள்ள யூசரா பிரிச்சீங்கன்னா உள்ள இருந்த ஓனரு, செட்யூஐடி எல்லாம் அச்சு அசலா வந்து உக்காந்துக்கும், அதனால எவனோ குடுத்த டார ரூட்ல பிரிக்கிறது வம்ப வெலைக்கு வாங்குறதுதான். சொந்த பேக்கப்புக்கு இத அடிச்சுக்க ஆளில்ல.

ஜிப்ல லினக்ஸ்ல கட்டுனா பெர்மிஷன் வரும், விண்டோஸ்ல கட்டுனா ஃபைல ஓட்டலாம்னு சொல்ற எக்ஸிகியூட் பிட் வராது. பைத்தான் புரோகிராமிங் மொழியோட ஜிப்ஃபைல் மாட்யூல்ல பிரிச்சா இருக்குற பெர்மிஷனும் போயிரும். ஸ்கிரிப்ட் ஓடலன்னு கடுப்புல 777, அதாவது எல்லாருக்கும் எல்லா பெர்மிஷனும் போட்டு விடுறாங்க பாருங்க, அதுக்கு வைரஸே தேவல.

செவன் ஜிப் நல்லா அமுக்கும், ஆனா ஓனர், குரூப் வைக்காது, லினக்ஸ் பேக்கப்புக்கு வேணாம்னு லினக்ஸ்ல செவன் ஜிப்ப ஓட்டுற பி7ஜிப்போட மேனுவலே சொல்லுது. விண்டோஸ்ல டவுன்லோட் ஆன ஃபைலுக்கு 'நெட்ல இருந்து வந்தது'ன்னு ஒரு குறி விழும்ல, அத உள்ள இருக்க ஃபைலுக்கும் கடத்துற வசதி இதுல 2022லதான் வந்துச்சு, அதுவும் நாமளே போய் ஆன் பண்ணணும். ஆர்க்கைவுக்குள்ள ஆர்க்கைவ் வச்சு அந்தக் குறிய தப்பிக்கிற ஓட்டைய 24.09 வெர்ஷன்ல அடைச்சாங்க.

ரார் விண்டோஸ்காரங்களுக்கு செல்லப்பிள்ளை. விண்டோஸ் டிஸ்க் ஃபார்மட்டான என்டிஎஃப்எஸ்ஸோட பெர்மிஷன், ஆல்டர்நேட் ஸ்ட்ரீம் (ஃபைலோட கண்ணுக்குத் தெரியாம ஒட்டியிருக்க டேட்டா) எல்லாம் சேத்து வைக்கும். அந்த ஸ்ட்ரீம வச்சேதான் 2025ல, கம்ப்யூட்டர் ஆன் பண்ணி உள்ள போனதும் தானா ஓடுற ஸ்டார்ட்அப் ஃபோல்டருக்குள்ள மால்வேர எறக்குனாங்க, வின்ரார் 7.13ல சரி பண்ணாங்க. அதுக்கு முன்ன 2023ல படம்னு கிளிக் பண்ணா ஸ்கிரிப்ட் ஓடுற ஓட்டை, 6.23ல அடைச்சது. இதெல்லாம் வின்ரார் சாஃப்ட்வேர்ல உள்ள ஓட்டை, ரார் ஃபார்மட்ட திட்டி பிரயோஜனம் இல்ல. ஆனா வின்ரார் தானா அப்டேட் ஆகாது, நம்ம ஊர் சிஸ்டம் பாதில எந்தக் காலத்து வெர்ஷன் கெடக்கோ.

பாஸ்வேர்டு போட்டா அந்த பாஸ்வேர்டு தெரியாத ஆன்ட்டிவைரஸ் உள்ள எட்டிப் பாக்க முடியாது, இதுல நாலும் ஒண்ணுதான்னு சொல்ல முடியாது, டாருக்கு பாஸ்வேர்டே கெடையாது. ஜிப்புல ஃபைல் பேராவது வெளிய தெரியும், ரார்லயும் செவன் ஜிப்லயும் பேரையும் சேத்து மறைக்கலாம். தெரியாத மெயில்ல 'இன்வாய்ஸ், பாஸ்வேர்டு 1234'ன்னு வந்தா தொறக்காதீங்கண்ணே, அனுப்புன ஆளுக்கு போனப் போடுங்க.