டைனமோவை மாற்றச் சொல்கிறார்களா? முதலில் எர்த் பட்டையைப் பாருங்கள்

ராமநாதபுரம் கடலோரத்தில் பழைய கார் வைத்திருப்பவர்களும், தனுஷ்கோடி பார்க்கப் பழைய காரில் இந்தப் பக்கம் வருபவர்களும் இதைப் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையே நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பட்டறையில் என்னிடம் 17,300 ரூபாய் கறந்துவிட்டார்கள். வண்டியில் இருந்த உண்மையான கோளாறைச் சரிசெய்ய ஆன செலவு 180 ரூபாய். பட்டறையின் பெயரை எழுதப் போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது தன் வழியில் போகட்டும். ஆனால் அவர்கள் கையாண்ட வித்தை அந்த ஒரு பட்டறையோடு நிற்கிற சமாச்சாரம் அல்ல. அதனால் அதை விவரமாகவே எழுதுகிறேன்.

வண்டி 2004ஆம் ஆண்டு மாருதி 800. வாப்பா வாங்கியது, கீழக்கரையிலேயே ஓடியது. 1983இல் தொடங்கி 2014 வரை தயாரான வண்டி என்பதால் உதிரிபாகத்துக்கு எந்த ஊரிலும் பஞ்சமில்லை. போலிக்கும், பூச்சடித்துப் புதிதாக்கிய பழையதற்கும் கூடப் பஞ்சமில்லை.

காலையில் சாவியைத் திருப்பினால், இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் அரைத்தூக்கத்தில் எழுப்பப்பட்டவர்போல முனகிவிட்டு நின்றுவிடும். இரண்டு பேர் தள்ளினால் இன்ஜின் உடனே பிடித்துக்கொள்ளும். இரவில் ஹெட்லைட் போட்டால் வெளிச்சம் மஞ்சளாக வழியும். இவ்வளவுதான் நான் சொன்ன புகார்.

பட்டறைக்காரர் இன்ஜினை ஓடவிட்டுப் பேட்டரியில் மீட்டரை வைத்தார். 12.8 வோல்ட். சார்ஜ் ஏறும் வண்டியில் 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். "டைனமோ போய்விட்டது பாய்" என்றார், அதாவது இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி. அதை எனக்கு நிரூபிக்கிறேன் என்று, ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி முனையை உருவினார். இன்ஜின் நின்றது. "பார்த்தீர்களா?" என்று ஒரு வெற்றிப் புன்னகை வேறு. கார்பரேட்டர் வண்டிக் காலத்துச் சோதனை அது. ஓடும் இன்ஜினில் பேட்டரியைத் துண்டித்தால் டைனமோவிலிருந்து வோல்டேஜ் ஒரு நொடி எகிறும். பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து தெளிக்கும் எம்பிஎஃப்ஐ வண்டியில் அந்த ஒரு நொடியிலேயே கம்ப்யூட்டர் பெட்டி கருகிப்போகலாம். உங்கள் வண்டியில் யாராவது இப்படி முனையை உருவக் கை நீட்டினால், கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

டைனமோ "புத்தம் புதியது" 7,500 ரூபாய். வண்டி சில நாள் நன்றாக ஓடியது, மறுபடியும் அதே முனகல். அடுத்து செல்ஃப் மோட்டார், 4,800. மறுபடியும் சில நாள் சுகம், மறுபடியும் முனகல். பிறகு பேட்டரி, 4,200. கூலி மொத்தமாக 800. ஒவ்வொரு முறையும் சில நாள் மட்டும் சரியாக ஓடியதன் ரகசியம் பின்னால்தான் புரிந்தது. வேலை முடிக்கும் முன் பேட்டரியை இரவு முழுதும் சார்ஜரில் போட்டு நிரப்பிவிடுகிறார்கள். நிரம்பிய பேட்டரி சில நாள் எந்தக் கோளாறையும் மறைத்துக்கொண்டு ஓடும். மாற்றிய பிறகு என் கண்முன் ஒருமுறைகூட மீட்டர் வைக்கவில்லை.

கடைசியாக வெப்பமானி முள்ளுக்கு வந்தார்கள். ராமேசுவரத்திலிருந்து இரவில் திரும்பும்போது முள் பாதியைத் தாண்டி மேலே ஏறுகிறது என்றேன். "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், ஹெட்டைக் கழற்ற வேண்டும், 12,000 ஆகும். பழைய வண்டி என்றால் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று வரத்தான் செய்யும் பாய்" என்றார். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. பங்குனி வெயிலில், உச்சிப்பொழுதில், உச்சிப்புளி ரயில்வே கேட்டில் இன்ஜினை அணைக்காமல் நின்றபோதெல்லாம் ஏறாத முள், கடற்காற்று வீசும் இரவில் மட்டும் ஏன் ஏற வேண்டும்? இன்ஜின் தலைக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட்டுக்குப் பகல் இரவு தெரியுமா? இரவில் கூடுதலாக நடப்பது ஒன்றே ஒன்றுதான்: ஹெட்லைட் எரிகிறது. நான் ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்கவில்லை.

பாம்பனில் இருக்கும் மச்சான் ஒரு பெரியவரிடம் அழைத்துப் போனார். கார் மெக்கானிக் இல்லை. விசைப்படகுகளுக்கு ஒயரிங் பார்ப்பவர். உப்பு எங்கே உட்காரும், எதைத் தின்னும் என்பதைப் படகில் வாழ்நாள் முழுதும் பார்த்தவரிடம் காரைக் கொடுப்பது எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது. அவர் ஸ்பேனர் எதையும் எடுக்கவில்லை. மச்சானைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, இன்ஜினிலிருந்து உள்ளே போகும் கிளட்ச் கேபிளை விரலால் தொட்டார். பிறகு என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார். சுட்டது. மிதிக்காத கிளட்ச்சின் கேபிள் சுடுகிறது!

"மின்சாரத்துக்குத் திரும்பிப் போகப் பாதை இல்லை தம்பி. கிடைத்த சந்தில் நுழைகிறது" என்றார்.

செல்ஃப் மோட்டார் சுழலும் நேரத்தில் நூறு ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் இழுக்கும். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து மோட்டாருக்கு வந்த அத்தனையும் இன்ஜின் உடல் வழியாக மைனஸ் முனைக்குத் திரும்பியாக வேண்டும். என் வண்டியில் மைனஸ் ஒயர் பாடியில் இறங்குகிறது. பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே பின்னலிட்ட செம்புப் பட்டை ஒன்றுதான் பாலம், அதுதான் எர்த் பட்டை. அந்தப் பட்டையில் 0.05 ஓம் தடை சேர்ந்தால் போதும், நூறு ஆம்பியரில் ஐந்து வோல்ட் அங்கேயே தீர்ந்துவிடும். பன்னிரண்டில் ஐந்து போனால் மோட்டார் முனகாமல் என்ன செய்யும்? மிச்ச மின்னோட்டம் கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் என்று கம்பி உள்ள இடமெல்லாம் புகுந்து பாடிக்குப் போகிறது. அதனால்தான் கேபிள் சுட்டது.

அடுத்து மீட்டரை எடுத்தார். ஒரு முனையை இன்ஜின்மேல், மற்றதைப் பேட்டரி மைனஸ்மேல் வைத்து மீண்டும் சாவியைத் திருப்பச் சொன்னார். நல்ல வண்டியில் 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. மூன்றரைக்கு மேல் காட்டியது. பிறகு இன்ஜினை ஓடவிட்டு, டைனமோவின் வெளியீட்டு முனையிலும் அதன் உடம்பிலும் மீட்டரை வைத்தார்: 14.1. அதே நேரத்தில் பேட்டரியில் 12.8. "மாற்றியதற்குப் பிறகும் பேட்டரியில் அதே எண் என்றால், முன்பு இருந்த டைனமோவும் நன்றாகத்தான் இருந்திருக்கிறது" என்று அவர் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. வெப்பமானி முள்ளின் கதையும் இதுதான். ஹெட்லைட்டின் மின்னோட்டமும் அந்தப் பட்டை வழியாகத்தான் டைனமோவுக்குத் திரும்ப வேண்டும். அது அடைபட்டால் இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையே வோல்டேஜ் வித்தியாசம் விழும். சென்சார் இன்ஜினில் இருப்பதால் முள் ஏமாந்து மேலே போகிறது. இன்ஜின் சூடாகவே இல்லை.

பட்டையைக் கழற்றினார். வெளிப்பார்வைக்கு முழுசாகத்தான் இருந்தது. இரண்டாக மடக்கியதும் பச்சைக் களிம்பு பொடியாக உதிர்ந்தது, உள்ளே பாதிக் கம்பிகள் அறுந்திருந்தன. பாடியில் அது உட்காரும் இடத்தில் போல்ட்டைச் சுற்றித் துரு பொருக்குப் பொருக்காக எழும்பியிருந்தது. உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, புதுப் பட்டையை இறுக்கி, மேலே தாராளமாக கிரீஸ் பூசினார். போல்ட்டை முறுக்கிய பிறகுதான் கிரீஸ், முன்னால் பூசினால் நடுவில் மாட்டிக்கொள்ளும் என்று சொல்லிக்கொண்டே பூசினார். சாவியைத் தொட்ட மாத்திரத்தில் இன்ஜின் எழுந்தது. ஹெட்லைட் போட்டும் முள் அசையவில்லை. பேட்டரியில் 14.1.

நம் பகுதியில் இது வராமல் இருந்தால்தான் அதிசயம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கீழக்கரையில் ஜன்னல் கம்பியை நக்கினால் உப்புக் கரிக்கும். பாம்பன் சாலைப் பாலத்தில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இரு பக்கமும் கடல். தனுஷ்கோடிச் சாலையில் காற்று அடித்தால் மணலும் சாரலும் வண்டியின் வயிற்றில் போய் ஒட்டும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். செம்பும் இரும்பும் தொடும் இடத்தில் அந்த ஈரம் இருந்தால் அரிப்பு பல மடங்கு வேகமாக நடக்கும். வெளியூர் வண்டிகள் தனுஷ்கோடி போய்வந்ததும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கதவின் அடியில் இருக்கும் சிறு துளைகளில் மணல் அடைத்திருக்கும், ஒரு குச்சியால் குத்திவிடுங்கள். வழியில் ரேடியேட்டருக்கு ஊற்ற யாராவது கிணற்றுத் தண்ணீர் கொடுத்தால் முதலில் ருசி பாருங்கள், பெரும்பாலும் உவர்.

இனி அந்தப் "புத்தம் புதிய" டைனமோ. பெரியவர் நகத்தால் அதன் ஓரத்தைச் சுரண்டினார். வெள்ளிப் பூச்சு தோலாக உரிந்து வந்தது, அடியில் உப்பு தின்ற குழிகள். காற்றோட்டத் துளைக்குள் டார்ச் அடித்தால் பழைய எண்ணெயும் தூசியும் கெட்டியாக அப்பியிருந்தன. இன்ஜினில் போல்ட் போட்டு மாட்டும் காதின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. புதுப் பொருளில் இதில் எதுவும் இருக்காது.

பட்டறைக்குப் போனேன். முதலில் என் பழைய டைனமோவைக் கேட்டேன். "இரும்புக் கடைக்குப் போய்விட்டது பாய்" என்றார். மச்சான் பேச்சுக் கொடுத்தபடியே உள்ளே நடந்து, பலகையில் வெள்ளிப் பூச்சு காய வைத்திருந்த நான்கைந்து டைனமோக்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றின் காதில் வாஷர் பற்றவைக்கப்பட்டிருந்தது. வாப்பா காலத்தில் காது விரிசல் விட்டபோது கீழக்கரையில் பற்றவைத்தது. பூச்சு அதற்கு மேலும் அடித்திருந்தார்கள், ஆனால் வாஷரின் வடிவத்தைப் பூச்சால் மறைக்க முடியுமா? என் டைனமோ அடுத்த ஆளுக்குப் புத்தம் புதியதாகத் தயாராகிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு பட்டறைக்காரர் குரல் இறங்கியது. டைனமோவைக் கொடுத்தார், 3,000 ரூபாயை எடுத்து நீட்டினார், "இதோடு முடித்துக்கொள்ளலாம்" என்றார். டைனமோவை மட்டும் வாங்கிக்கொண்டேன். அவர் கொடுத்திருந்த பில், நோட்டிலிருந்து கிழித்த தாளில் மூன்று வரி. ஜிஎஸ்டி எண் இல்லை, பொருளின் கம்பெனிப் பெயர் இல்லை, உத்தரவாதம் இல்லை. அதில் "புதியது" என்று அவர் கைப்பட எழுதியிருப்பதுதான் இப்போது என் கையில் இருக்கும் பலமான சாட்சி. பணம் போன் வழியாக அனுப்பியதால் அதற்கும் பதிவு இருக்கிறது. பெரிய கடையோ சிறிய பட்டறையோ, பொருளை மாற்றினால் பழையதைக் கையில் வாங்குங்கள். பில்லில் பொருளின் பெயரையும், புதியதா பழுது பார்த்ததா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் மீட்டரை உங்கள் கண்முன் வைக்கச் சொல்லுங்கள். இதற்கு முகம் சுளிக்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்தேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் மனு போடலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் நாமே வாதாடலாம். மனுவோடு சேர்ப்பதற்காகப் பூச்சு உரிந்த டைனமோவையும், அறுந்த செம்புப் பட்டையையும், வாஷர் தெரியும்படி எடுத்த படங்களையும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். வாப்பாவின் டைனமோவுக்குக் கார்பன் பிரஷ் மட்டும் மாற்றி மறுபடியும் வண்டியில் மாட்டியாயிற்று, 14.2 காட்டுகிறது. அந்தப் பட்டறையில் வெள்ளிப் பூச்சு டைனமோ வாங்கியவர்கள் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், மனுவை ஒன்றாகப் போடலாம்.