சிட்னியில் லேன் ஃபில்டரிங் வகுப்பு: சென்னைக் கை உள்ளவர்களும் போகலாம்

சென்னையில் வருடக்கணக்கில் வண்டி ஓட்டியவர்களுக்கு, கார்களுக்கு நடுவே பைக்கில் புகுந்து போக (அதுதான் லேன் ஃபில்டரிங்) வகுப்பு எதற்கு என்றுதான் தோன்றும். சிட்னியில் பைக் வாங்கப்போகும் நம் ஆட்களிடம் நான் சொல்வது: அந்தக் கைப்பழக்கத்தை மட்டும் நம்பி சாயங்கால நெரிசலில் பரமட்டா ரோட்டில் இறங்காதீர்கள். நான் போனது மேற்கு சிட்னியில் ஒரு தனியார் பயிற்சிப் பள்ளி நடத்தும் அரை நாள் வகுப்பு. கொடுத்த காசுக்கு நல்ல பாடம். ஒரு பெரிய குறையும் உண்டு, அதை அப்புறம் சொல்கிறேன்.

முதல் அரை மணி நேரம் சட்டம். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் லேன் ஃபில்டரிங் 2014 ஜூலை 1 முதல் அனுமதிக்கப்பட்டது. நின்றிருக்கும் அல்லது ஊர்ந்துபோகும் வண்டிகளுக்கு நடுவே, நம் வேகம் 30 கிலோமீட்டரைத் தாண்டாமல் போகலாம். முழு உரிமம் வேண்டும். கற்பவர்களும், முழு உரிமத்துக்கு முந்தைய தற்காலிக உரிமத்தில் பி தட்டு மாட்டியவர்களும் செய்யக்கூடாது. பள்ளி நேரத்தில் பள்ளி மண்டலத்தில் கூடாது. நடைபாதை ஓரமாகவோ, ஓரத்தில் நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டியோ புகுந்து போகக்கூடாது. நம் ஊர்ப் பழக்கத்தில் கை தானாக இடப்பக்கம்தான் போகும் என்பதால் இந்த விதியை அழுத்திச் சொல்கிறேன். 30ஐத் தாண்டினால் அது வேறு குற்றம்: அபராதத்தோடு உரிமத்தில் 3 டிமெரிட் (குற்ற) புள்ளி.

பயிற்றுநர் சொன்ன இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. பஸ் லேனில் மோட்டார் சைக்கிள் போகலாம். ‘பஸ் ஒன்லி’ என்று எழுதியிருந்தால் மட்டும் கூடாது. பக்கத்தில் பஸ் லேன் காலியாகக் கிடந்தால் இரண்டு காருக்கு நடுவே நுழைய வேண்டிய அவசியமே இல்லை.

அப்புறம் மைதானம். இரண்டு கார்களை அருகருகே நிறுத்தி, அவற்றுக்குப் பின்னால் கூம்புகளை வரிசையாக வைத்து, நடுவிலுள்ள இடைவெளியைக் குறுக்கிக்கொண்டே போனார்கள். முதல் கியர், கிளட்ச் பாதிப் பிடியில், பின் பிரேக்கில் லேசாகக் கால். பார்வை கார் கண்ணாடிகளின் மேல் போனால் ஹேண்டில் அங்கேயே இழுக்கும். சந்தின் மறுமுனையைப் பார்த்தால் வண்டி நேராகப் போகும். காரின் இண்டிகேட்டரை நம்பாமல் அதன் முன் சக்கரத்தைப் பார்க்கப் பழக்கினார்கள். இண்டிகேட்டர் போடாமல் லேன் மாறுகிறவர்கள்கூடச் சக்கரத்தைத் திருப்பாமல் மாற முடியாதே. பக்கத்து லேனில் ஒரு கார் அளவுக்கு இடம் விழுந்தால், யாரோ ஒருவர் அதில் பாயப்போகிறார் என்று எடுத்துக்கொண்டு பிரேக்கைப் பிடிக்கத் தயாராக விரலை அதன் மேல் வைத்திருக்க வேண்டும். பச்சை விழும்போது இரண்டு காருக்கு நடுவில் இருக்கக்கூடாது.

எனக்கு இந்த வகுப்பின் மதிப்பே அடுத்த பதினைந்து நிமிடம்தான். ஒவ்வொருவரையும் காரின் டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார்கள். பயிற்றுநர் பைக்கில் பின்னாலிருந்து மெதுவாக வந்தார். வலப்பக்கக் கண்ணாடியில் ஹெட்லைட் நன்றாகத் தெரிந்தது, பெரிதானது, பின்கதவருகே வந்ததும் காணோம். சத்தம் கேட்கிறது, ஆளைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால் என் தோளுக்குப் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார். கார்க்காரர் கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்தில் ஒரு நொடிகூடத் தங்கக்கூடாது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித்தர முடியாது.

இது பாதுகாப்பானதா என்று வீட்டில் கேட்பார்கள். 2015இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 6,000க்குக் கொஞ்சம் குறைவான பைக் விபத்துகளை ஆராய்ந்தார்கள். நடுவே புகுந்து போனவர்களில் பின்னாலிருந்து இடிபட்டவர்கள் 2.6 சதவீதம், மற்றவர்களில் 4.6. சுற்றியுள்ள வண்டிகளைவிட மணிக்கு சுமார் 24 கிலோமீட்டருக்கு மேல் வேகமாகப் போகும்போதுதான் காயங்கள் ஏறின. ஆனால் புகுந்து போனவர்களில் முழு முகம் மூடும் ஹெல்மெட் போட்டவர்களும் அதிகம், எனவே பலன் முழுவதும் சந்தில் போனதால் வந்ததல்ல. இங்கே கவனியுங்கள்: நிற்கும் கார்களுக்கு நடுவே 30இல் போனால் சட்டப்படி சரி, ஆனால் வேக வித்தியாசமும் அதே 30. என் கணக்கில் அது அதிகம். நான் 20இல்தான் போகிறேன்.

இப்போது குறை. எல்லாமே மைதானத்தில் முடிந்துவிடுகிறது. நிற்கும் கார் கதவைத் திறக்காது, போனைப் பார்த்துக்கொண்டே நகராது. கடைசி ஒரு மணி நேரமாவது பயிற்றுநர் பின்னால் வர, உண்மையான சாலையில் ஓட்டவைத்திருக்க வேண்டும். கேட்டதற்கு, அது தனி வகுப்பு, தனிக் கட்டணம் என்றார்கள். முன்பதிவுப் பக்கத்தில் அதைச் சொல்லாமல் விட்டது சரியில்லை.

பி தட்டில் இருப்பவர்கள் இப்போதே போகத் தேவையில்லை, முழு உரிமம் வந்ததும் போங்கள். வாடகை வண்டி கொடுப்பார்கள் என்றாலும் தினமும் ஓட்டும் சொந்த வண்டியையே கொண்டுபோங்கள், அந்த ஹேண்டிலின் அகலம்தான் உங்களுக்குப் பழக வேண்டும். எந்தப் பள்ளியானாலும் பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: டிரைவர் சீட்டில் உட்காரவைப்பீர்களா, சாலையில் ஓட்டவைப்பீர்களா? முதலாவதற்கே இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.