அரிசோனா பாலைப் பள்ளத்தாக்குக்குக் குறும்பயணம்: சுங்கை சிப்புட் பயண நிலையம் ஒன்றின் சேவை

சுங்கை சிப்புட் கடைவீட்டு வரிசையின் மேல்மாடியில் இயங்கும் இந்தச் சிறிய பயண நிலையத்தை, சென்னைக்கும் திருச்சிக்கும் சீட்டு எடுத்துத் தரும் இடமாகவும், காசி, இராமேசுவரம் யாத்திரைக்கு ஆள் சேர்க்கும் இடமாகவும்தான் நம் ஊர் மக்கள் அறிந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள அண்டிலோப் பள்ளத்தாக்கை அம்மாவுக்குக் காட்டி வர வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்தபோது, கோலாலம்பூரின் பெரிய நிறுவனங்களை விட்டுவிட்டு இங்கே போவது சரிதானா என்ற தயக்கம் வீட்டில் இருந்தது. போய்த் திரும்பிய பிறகு சொல்கிறேன்: வயதானவர்களை அழைத்துக்கொண்டு தொலைதூரத்துக்குக் குறுகிய பயணம் போக நினைப்பவர்களுக்கு இந்த நிலையத்தை மனமாரப் பரிந்துரைக்கிறேன். குறைகளும் உண்டு, அவற்றைப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

நாங்கள் கொண்டுபோன பட்டியலில் கிராண்ட் கேன்யன், மானுமெண்ட் வேலி, சயான் தேசியப் பூங்கா என்று எல்லாமே இருந்தன. நிலையத்தை நடத்தும் பெண்மணி அதைப் பொறுமையாகப் படித்துவிட்டு, "அண்ணே, எல்லாத்துக்கும் போகலாம். ஆனா அம்மா காருக்குள்ளயேதான் உட்கார்ந்திருப்பாங்க, பரவாயில்லையா?" என்று கேட்டார். அண்டிலோப் பள்ளத்தாக்கை ஒட்டியுள்ள பேஜ் என்ற சிற்றூரிலிருந்து கிராண்ட் கேன்யனின் தென்விளிம்புக்குச் செல்ல ஏறத்தாழ இரண்டரை மணி நேரமும், மானுமெண்ட் வேலிக்குச் செல்ல இரண்டு மணி நேரமும் ஆகும். திரும்பி வரவும் அதே அளவு. அவர் பேஜையே தங்குமிடமாக வைத்து, அங்கிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய இடங்களை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை அடித்துவிட்டார். கூடுதலாக விற்றால் கூடுதலாகக் கிடைக்கும் தொழிலில் இருப்பவர் இப்படிச் செய்ததை நான் பெரிதும் மதிக்கிறேன். இந்தப் பயணம் நிறைவாக அமைந்ததற்கு முதற்காரணமும் அதுவே.

பேஜ் ஊரைப் பற்றி ஒரு சொல். கொலராடோ ஆற்றின் குறுக்கே 216 மீட்டர் உயரமுள்ள கிளென் கேன்யன் அணையைக் கட்டவந்த தொழிலாளர்களுக்காக 1957இல் உருவாக்கப்பட்ட குடியிருப்பு அது. 1966இல் அணை வேலை முடிந்த பிறகும் மக்கள் அங்கேயே தங்கிவிட, முகாம் ஊராகிவிட்டது. வேலைக்காக ஆளைக் கொண்டுவந்து குடியேற்றி, அதிலிருந்து ஊர் பிறந்த கதை பால்மரத் தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த நம் ஊருக்குப் புதிதல்ல என்பதால், அந்த அகலமான வெறிச்சோடிய தெருக்களில் நடக்கும்போது எனக்கு அந்நிய உணர்வு அதிகம் எழவில்லை.

அண்டிலோப் பள்ளத்தாக்கு நவஹோ பழங்குடியினரின் நிலத்தில் உள்ளது. அவர்களிடம் அனுமதி பெற்ற வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே செல்ல முடியாது. குறித்த நேரத்துக்கு முன்கூட்டியே இடம் பதிவு செய்ய வேண்டும். மேல் பள்ளத்தாக்கு, கீழ்ப் பள்ளத்தாக்கு என்று இரண்டு தனித்தனிப் பகுதிகள் உண்டு. பெண்மணி எங்களிடம் கேட்ட முதல் கேள்வியே அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்பதுதான். கீழ்ப் பள்ளத்தாக்கில் செங்குத்தான இரும்புப் படிகளில் ஏறி இறங்க வேண்டும்; மேல் பள்ளத்தாக்கின் உட்பகுதி சமதரை. அதனால் மேலதைப் பதிவு செய்தார். உச்சிப்பொழுதில் ஒளிக்கற்றை நேராகத் தரையில் விழும் காட்சியை எல்லாரும் படங்களில் பார்த்திருப்போம். அது கோடையை ஒட்டிய மாதங்களில் மட்டுமே கிடைக்கும், நாங்கள் போகும் அக்டோபர் பிற்பகுதியில் கிடைக்காது என்பதைப் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

கோடையைத் தவிர்க்கச் சொன்னதும் அவர்தான். ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே இடிமழைக் காலம். 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ்ப் பள்ளத்தாக்கில் திடீர் வெள்ளத்தில் சிக்கி 11 பயணிகள் உயிரிழந்தார்கள். அந்த வெள்ளத்தைக் கொண்டுவந்தது அவர்கள் நின்ற இடத்தில் பெய்த மழை அல்ல; மேட்டுப்பகுதியில் பல கிலோமீட்டர் தொலைவில் பெய்த மழை. வழிகாட்டி வானிலையைக் காரணம் காட்டிப் பயணத்தை நிறுத்தினால் வாதாடாமல் திரும்பி வந்துவிட வேண்டும் என்று எங்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லியனுப்பினார்.

அவர் தயாரித்துக் கொடுத்த பயணக்குறிப்பு, அம்மா தானே படித்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிய எழுத்தில், தமிழில், ஒரே தாளில் இருந்தது. அதில் சிவப்பு மையால் கோடிட்ட வரி நேரத்தைப் பற்றியது. மார்ச் முதல் நவம்பர் தொடக்கம் வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் கோடைக்கால நேர மாற்றத்தை அரிசோனா மாநிலம் கடைப்பிடிப்பதில்லை. அதற்குள்ளேயே இருக்கும் நவஹோ நிலப்பகுதியும், வடக்கே சிறிது தூரத்தில் தொடங்கும் யூட்டா மாநிலமும் கடைப்பிடிக்கின்றன. எனவே பேஜ் ஊரில் கைப்பேசி எந்தக் கோபுரத்தின் அலையைப் பிடிக்கிறதோ அதற்கேற்ப மணி முன்னும் பின்னும் தாவும். அண்டிலோப் வழிகாட்டிகள் பேஜ் நேரத்தையே பின்பற்றுகிறார்கள். கைப்பேசியின் தானியங்கி நேரத்தை நிறுத்திவிட்டு, மலேசியாவுக்கு 15 மணி நேரம் பின்தங்கிய பேஜ் நேரத்தை வைத்துக்கொள்ளுமாறு அவர் எழுதியிருந்தார். தங்கும் விடுதியில் எங்களுக்கு அடுத்த அறைக்காரர்கள் பசியாறும் மேசையில் மணி எட்டா ஒன்பதா என்று பதறிக்கொண்டிருந்தபோது அந்த வரியின் அருமை புரிந்தது.

பள்ளத்தாக்கு எங்கள் எதிர்பார்ப்புக்கு மேலாகவே இருந்தது. அடியில் அகன்று மேலே குறுகும் பிளவுக்குள், வானம் ஒரு நூலாகத் தெரிகிறது. அந்த வெளிச்சம் சுவருக்குச் சுவர் பட்டு இறங்கி வரும்போது உச்சியில் மஞ்சளாகவும், இடையில் செம்மண் நிறமாகவும், அடியில் கத்தரிப்பூ நிறமாகவும் மாறுகிறது. மணல்மேடுகள் காலப்போக்கில் இறுகிப் பாறையானவை என்பதால், காற்று அன்று மணலை அடுக்கிய சாய்கோடுகள் இன்றும் சுவரில் இழை இழையாகத் தெரிகின்றன. எங்கள் வழிகாட்டி ஓரிடத்தில் நின்று தலைக்கு மேலே கைகாட்டினார்: இரண்டு சுவர்களுக்கும் நடுவே ஒரு மரத்துண்டு குறுக்காக இறுகிக் கிடந்தது. வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்து அதைச் செருகிவிட்டுப் போயிருக்கிறது. அம்மா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹார்ஸ்ஷூ பெண்ட் என்ற ஆற்று வளைவு பேஜுக்கு மிக அருகில் இருக்கிறது. போக வர 2.4 கிலோமீட்டர் நடை. வாகனம் நிறுத்த 10 அமெரிக்க வெள்ளி. விளிம்பின் ஒரு பகுதியில் மட்டுமே தடுப்புக் கம்பி உண்டு, கீழே ஏறத்தாழ 300 மீட்டர் பள்ளம், ஆகவே பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள் கம்பி உள்ள பகுதியை விட்டு அகல வேண்டாம். இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நம் ஊரில் இரண்டு எட்டு வைத்தாலே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும், அங்கே வியர்வை தோன்றும்போதே காய்ந்துவிடுவதால் உடம்பில் நீர் குறைவது தெரிவதே இல்லை. தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடிக்க வேண்டும்.

இனி குறைகள். மேல் பள்ளத்தாக்கு சமதரை என்று நிலையத்தில் சொன்னது உட்பகுதிக்கு மட்டுமே பொருந்தும். இப்போது ஒருவழிப் பாதையாக்கி இருப்பதால், மறுமுனையில் வெளியேறிய பிறகு படிகளும் சரிவும் உள்ள நடைபாதை வழியாகச் சுற்றித் திரும்ப வேண்டியிருக்கிறது. அம்மா பல இடங்களில் நின்று நின்றுதான் ஏறினார். இதை நிலையம் அறிந்து சொல்லியிருக்க வேண்டும். உணவைப் பற்றிய குறிப்பும் போதாது. சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஊரின் உணவகங்களில் தேர்வு குறைவு. பேஜில் பேரங்காடிகள் இருப்பதால், சிறிய சமையல் வசதியுள்ள அறையை முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. கட்டண விவரத்தில் சேவைக் கட்டணத்தைத் தனியாகக் காட்டாமல் மொத்தமாகவே எழுதியிருந்தார்கள். நாங்கள் கேட்ட பிறகு முகம் சுளிக்காமல் பிரித்துக் கொடுத்தார்கள் என்றாலும், கேட்காமலே கொடுப்பதுதான் முறை.

லாஸ் வேகாஸில் இறங்கிய அன்றே காரை எடுக்கவிடாமல் ஓர் இரவு தங்கவைத்தது மிகச் சரியான முடிவு. அங்கிருந்து பேஜுக்கு நாலரை மணி நேர ஓட்டம், அதுவும் நமக்குப் பழக்கமில்லாத வலப்பக்கச் சாலையில். புறப்படுவதற்கு முன் சாலைப் போக்குவரத்துத் துறையில் அனைத்துலக ஓட்டுநர் உரிமம் எடுத்துவிடுங்கள். மலேசியக் கடப்பிதழுக்கு அமெரிக்க விசா கட்டாயம் என்பதால், நேர்காணல் முடிந்து விசா கைக்கு வந்த பிறகே விமானச் சீட்டுக்கும் பள்ளத்தாக்குப் பதிவுக்கும் முழுப்பணம் கட்டச் சொல்வார்கள். சீட்டு விலை ஏறுகிறதே என்று அந்த வரிசையை மாற்றச் சொல்லி அவர்களை வற்புறுத்த வேண்டாம்.