எக்ஸ்சேஞ்ச் 2019: வாங்கிய இடத்தைத் திருப்பித் தராத மெயில் சர்வர்

மெயிலை அழித்தால் டிஸ்கில் இடம் காலியாகும் என்று நம்பி மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வர் போடுகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆகாது. இது தெரிந்து வாங்கினால் நல்ல சரக்கு. தெரியாமல் வாங்கினால் வருஷா வருஷம் பட்ஜெட் நேரத்தில் புது டிஸ்க் கேட்டு மேனேஜர் ரூம் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

கடலூர் சிப்காட்டில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் ஐ.டி. பார்க்கிறேன். ஐ.டி. என்றால் பிரிண்டரில் பேப்பர் சிக்குவதிலிருந்து மெயில் சர்வர் வரை எல்லாமே என் தலையில்தான். நூற்றைம்பது மெயில்பாக்ஸுக்குக் கிட்டத்தட்ட வரும். எக்ஸ்சேஞ்ச் 2019 ஸ்டாண்டர்டு எடிஷன், எங்கள் சர்வர் ரூமிலேயே ஓடுகிறது. காலண்டர், பாதுகாப்பு, வெப்மெயில் பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. டிஸ்க் இடத்தை இது எப்படிக் கையாள்கிறது என்பது மட்டும்தான் இந்த விமர்சனம்.

எல்லா மெயிலும் ஈடிபி என்ற ஒரே பெரிய கோப்புக்குள் இருக்கும். அதை நடத்துவது ஈஎஸ்இ என்ற டேட்டாபேஸ் என்ஜின். கம்பெனியின் யூசர் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரிக்கு அடியில் ஓடுவதும் இதுவேதான். 2021-ல் இதன் சோர்ஸ் கோடை மைக்ரோசாஃப்ட் பொதுவில் வெளியிட்டது, ஆர்வமுள்ளவர்கள் பார்க்கலாம். கோப்பு 32 கேபி பக்கங்களாகப் பிரிந்திருக்கும். பத்தாயிரம் மெயிலை அழித்தாலும் அந்தப் பக்கங்களைக் காலி என்று குறித்துக்கொள்ளுமே தவிர, கோப்பின் அளவைக் குறைக்காது. நாளை வரும் மெயில் அந்தக் காலிப் பக்கங்களில் போய் உட்காரும். மூட்டை வெளியே போனால் குடோன் சுருங்குமா என்ன?

இதை எங்கள் ஜி.எம். சாருக்குப் புரியவைக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "எல்லாரையும் பழைய மெயிலை அழிக்கச் சொல்லி சர்க்குலர் விட்டோமே, ஏன்யா டிஸ்க் அப்படியே சிவப்பா நிக்குது?" என்றார். பவர்ஷெல் என்ற கட்டளைத் திரையில் டேட்டாபேஸின் மொத்த அளவையும் உள்ளே இருக்கும் காலி இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினேன். கோப்பு 640 ஜிபி, அதற்குள் காலி 110 ஜிபிக்கு மேல். அப்போதுதான் தலையாட்டினார். இந்தக் காலி இட எண் கொஞ்சம் குறைத்தே காட்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு மெயில்பாக்ஸின் அட்டவணைகளுக்குள்ளும் சிதறிக்கிடக்கும் காலிப் பக்கங்கள் அந்தக் கணக்கில் வராது.

சரி, சர்க்குலர் விட்ட மறுநாளே அந்தக் காலி இடமாவது கூடியதா என்றால், அதுவும் இல்லை. செட்டிங்கை நாம் மாற்றாதவரை, அழித்த மெயிலை 14 நாள் உள்ளே ஒளித்து வைத்திருக்கும். வேலையை விட்டுப் போனவரின் மெயில்பாக்ஸை நீக்கினால் 30 நாள். ஒவ்வொருவருக்கும் இந்த ஒளிந்த ஃபோல்டருக்குத் தனியாக 30 ஜிபி வரை இடம் உண்டு. அவர்களுடைய கோட்டாவில் இது சேராது. எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. பர்ச்சேஸில் ஒருவர் தெரியாமல் அழித்த ஆர்டரை, பேக்கப் பக்கமே போகாமல் அவுட்லுக்கிலிருந்தே மீட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் டிஸ்க் நிரம்பிக்கொண்டிருக்கும்போது உடனடிப் பலன் எதிர்பார்க்காதீர்கள்.

இடத்தை உண்மையில் தின்பது எது என்று பார்த்தால் கதை வேறு. எக்ஸ்சேஞ்ச் 2007 வரை, ஒரே டேட்டாபேஸில் நாற்பது பேருக்கு ஒரு மெயில் போனால் ஒரே பிரதியை வைத்து எல்லோருக்கும் காட்டும் வசதி ஏதோ ஒரு வடிவில் இருந்தது. 2010-ல் அதை எடுத்துவிட்டார்கள். டிஸ்க் விலை குறைந்துவிட்டது, வேகம்தான் முக்கியம் என்பது அவர்கள் கணக்கு. எங்கள் டிஸ்பேட்ச் பிரிவில் லாரி ரசீதையும் பரிசோதனைச் சான்றிதழையும் கலரில், தேவைக்கு மேல் தெளிவாக, ஸ்கேன் செய்து ஒரு குரூப் ஐடிக்கு அனுப்புவார்கள். ஒரு ஸ்கேன் 8 எம்பி, குரூப்பில் நாற்பது பேர். ஒரே மெயில் 320 எம்பியைத் தின்றுவிடும். ஒரு நாளைக்கு அப்படி எத்தனை லாரி! ஸ்கேனரைக் கருப்பு வெள்ளைக்கும் 200 டிபிஐக்கும் மாற்றி, ஃபைலைப் பொது ஃபோல்டரில் போட்டு இணைப்பை மட்டும் அனுப்பச் சொன்னேன். சர்க்குலரால் வராத மாற்றம் இந்த ஒரு செட்டிங்கால் வந்தது. இந்தப் பாராட்டு எக்ஸ்சேஞ்சுக்குச் சேராது, ஸ்கேனருக்குத்தான் சேரும். இதே வேலைக்கு ஜிம்ப்ரா என்ற இன்னொரு மெயில் சர்வரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் ஒவ்வொரு மெயிலும் தனிக் கோப்பு. ஒரே மெயில் பலருக்குப் போனால் ஒரே கோப்பையே பகிர்ந்துகொள்ளும். இந்த ஒரு விஷயத்தில் அது மேல்.

கணக்குப் பிரிவு மெயில்பாக்ஸில் மட்டும் கை வைக்கவே முடியவில்லை. "தம்பி, ஒண்ணும் அழிச்சிடாதே, ஆடிட்டர் எந்த வருஷத்தைக் கேப்பாருன்னு யாருக்குத் தெரியும்" என்பார் அங்கிருக்கும் அக்கா. அவர் சொல்வது நியாயம்தான். கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களையும் அதற்கான வவுச்சர்களையும் 8 ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஜிஎஸ்டி ஆவணங்களுக்கு ஆண்டு ரிட்டன் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். பில்கள் இப்போதெல்லாம் மெயிலிலேயே வருகின்றன. இந்தப் பழைய மெயிலை வேறு டேட்டாபேஸுக்குத் தானாக ஒதுக்கும் ஆர்கைவ் வசதி எக்ஸ்சேஞ்சில் உண்டு. ஆனால் அதற்கு என்டர்பிரைஸ் கேல் என்ற கூடுதல் லைசென்ஸ் வாங்க வேண்டும். எல்லோருக்கும் வேண்டாம், கணக்கு, ஏற்றுமதி ஆவணம் பார்க்கும் சிலருக்கு மட்டும் வாங்கினோம். பழைய மெயில் ஒரு மெதுவான, மலிவான டிஸ்கில் இருக்கிறது, அக்காவும் நிம்மதி.

அடுத்து லாக் கோப்புகள். டேட்டாபேஸில் எழுதுவதற்கு முன்னால் ஒவ்வொரு மாற்றத்தையும் 1 எம்பி லாக் கோப்புகளாக எழுதி வைப்பது இதன் வழக்கம். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது இங்கே மின்சாரம் போய், யு.பி.எஸ். பேட்டரியும் தீர்ந்து, சர்வர் பட்டென்று நின்றது. அப்புறம் தென்பெண்ணை வெள்ளம் வேறு. ஆபீஸ் போய் மறுபடி ஆன் செய்ததும், டேட்டாபேஸ் லாக்கை வரிசையாகப் படித்துத் தன்னைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றது. ஒரு மெயில்கூடப் போகவில்லை. இந்த இடத்தில் முழு மார்க் கொடுக்காமல் முடியாது.

அதே லாக்தான் தலைவலியும். பேக்கப் வெற்றியாக முடிந்தால்தான் பழைய லாக்கை அழிக்கும். எங்களிடம் இருந்த ஒரு பேக்கப் மென்பொருள் (பெயர் வேண்டாம்) வேலை முடிந்தது என்று பச்சை டிக் காட்டிக்கொண்டே, எக்ஸ்சேஞ்சுக்கு அதைச் சொல்லாமல் விட்டிருந்தது. லாக் டிரைவ் நிரம்பிவிட்டால் டேட்டாபேஸ் இறங்கிவிடும், மெயில் மொத்தமாக நிற்கும். நல்லவேளை, அதற்கு முன்னால் கண்ணில் பட்டது. இந்த நிலையில், பேக்கப்புக்குக் காத்திராமல் பழைய லாக்கை அழித்துவிடும் சர்க்குலர் லாகிங் என்ற வசதியைப் போட்டுவிடு என்று யாராவது சொல்வார்கள். போட்டால் லாக் சேராது, உண்மைதான். மின்வெட்டிலிருந்து எழுந்திருக்கவும் தடையில்லை. ஆனால் டிஸ்கே போய், பேக்கப்பிலிருந்து மீட்கும் நிலை வந்தால், கடைசி பேக்கப்புக்குப் பின் வந்த மெயில் எதுவும் கிடைக்காது. டேட்டாபேஸுக்கு இரண்டாவது பிரதி இல்லாத எங்களைப் போன்றவர்கள் அதை நிரந்தரமாகப் போட்டு வைக்கக் கூடாது.

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி: கோப்பைச் சின்னதாக்க வழியே இல்லையா? ஈஎஸ்இயூடில் என்ற கருவி கூடவே வருகிறது. அதை வைத்து ஆஃப்லைன் டிஃப்ராக் செய்தால், அதாவது காலிப் பக்கங்களை விட்டுவிட்டுப் புதுக் கோப்பாக எழுதினால், சுருங்கும். செய்யும் நேரம் முழுக்க டேட்டாபேஸை இறக்கி வைத்திருக்க வேண்டும், யாருக்கும் மெயில் கிடையாது. புதுக் கோப்பு எழுத 110 சதவீத அளவு காலி இடம் வேண்டும். 640 ஜிபிக்கு 700 ஜிபி காலி! அவ்வளவு இடம் இருந்தால் நான் ஏன் சுருக்கப் போகிறேன்? முடிந்தவுடன் முழு பேக்கப் எடுத்தாக வேண்டும், பழைய பேக்கப்போடு லாக் ஒட்டாது. பழைய ஆட்கள் பலர் இன்னும் இதைத்தான் முதல் வைத்தியமாகச் சொல்கிறார்கள். என் கணக்கில் பத்துக்கு இரண்டு மார்க்.

ஒன்பது மார்க் மெயில்பாக்ஸ் மூவ் வசதிக்கு. புது டேட்டாபேஸ் ஒன்றை உருவாக்கி, மெயில்பாக்ஸ்களை ஒவ்வொன்றாக அதற்கு நகர்த்தி, கடைசியில் பழையதை அழித்துவிடுவது. ஸ்டாண்டர்டு எடிஷனில் ஐந்து டேட்டாபேஸ் வரை வைத்துக்கொள்ளலாம் என்பதால் இடைஞ்சல் இல்லை. நகரும்போதே ஆள் வேலை செய்துகொண்டிருக்கலாம். முடியும்போது அவுட்லுக்கை மூடித் திறக்கச் சொல்லி ஒரு செய்தி வரும், அவ்வளவுதான். ஜி.எம். சாரின் மெயில்பாக்ஸை அவர் மீட்டிங்கில் இருந்தபோதே நகர்த்திவிட்டேன், அவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் 50 ஜிபி நகர்த்தினால் புதுப் பக்கத்தில் ஏறக்குறைய அதே அளவு லாக்கும் பிறக்கும். அதனால் சிலரை நகர்த்தி, பேக்கப் எடுத்து, அப்புறம் அடுத்தவர்கள் என்று போக வேண்டும். இரண்டாவது, நகர்த்திய மெயில்பாக்ஸின் பழைய பிரதி பழைய டேட்டாபேஸில் 30 நாள் அப்படியே கிடக்கும். மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத சிஸ்டம் மெயில்பாக்ஸ்கள் சில உண்டு. அவற்றையும் நகர்த்தினால்தான் பழைய டேட்டாபேஸை நீக்க விடும். திரையில் பட்டியல் காலியாக இருக்கும், நீக்கு என்றால் மட்டும் மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

எக்ஸ்சேஞ்ச் 2016-லிருந்து வருகிறவர்கள் ஒன்றைக் கணக்கில் வையுங்கள். அங்கே தேடல் இன்டெக்ஸ் தனி ஃபோல்டரில் இருந்தது. 2019-ல் அதை மெயில்பாக்ஸ் டேட்டாபேஸுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். அதே மெயில், ஆனால் ஈடிபி பெரிதாகத் தெரியும். தேடல் முன்பைவிட நன்றாக வேலை செய்வதால் எனக்கு வருத்தமில்லை. ஸ்டாண்டர்டு எடிஷனில் ஒரு டேட்டாபேஸ் 1 டிபியைத் தாண்டினால் தானாக இறங்கிவிடும். இந்த வரம்பை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் மாற்றலாம். ஆனால் இரண்டாவது பிரதி இல்லாத டேட்டாபேஸை 200 ஜிபிக்குள் வைத்துக்கொள்ளச் சொல்வது மைக்ரோசாஃப்டின் அறிவுரை. காரணம் எளிது, டிஸ்க் போனால் மீட்க ஆகும் நேரம். எங்கள் 640 ஜிபியை இப்போது மூன்றாகப் பிரித்துவிட்டேன்.

சி டிரைவ் பற்றி ஒரு வார்த்தை. எக்ஸ்சேஞ்சோடு ஓடும் ஐஐஎஸ் என்ற வெப் சர்வரின் லாக் தானாக அழியவே அழியாது. சி டிரைவ் நிரம்பினால் வெளியிலிருந்து வரும் மெயிலை "452 4.3.1" என்ற பிழை எண்ணைச் சொல்லித் திருப்பிவிடும். அனுப்பியவர் நம்மைத் திட்டுவார், நாம் இணையச் சேவைக்காரரைத் திட்டுவோம். அதற்காக எல்லா லாக்கையும் துடைத்துவிடாதீர்கள். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022-ல் கொண்டுவந்த விதிப்படி 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும். அதைவிடப் பழையதை மட்டும் அழிக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட்டு வைத்திருக்கிறேன்.

எக்ஸ்சேஞ்ச் 2019-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. இப்போது புதிதாக வாங்குகிறவர்களுக்குக் கிடைப்பது 2025 ஜூலையில் வந்த சப்ஸ்கிரிப்ஷன் எடிஷன். அதன் முதல் பதிப்பு 2019-ன் கடைசி அப்டேட்டை ஒட்டியே வந்ததால், இடம் பற்றி மேலே சொன்ன எல்லாம் அதற்கும் அப்படியே பொருந்தும். 2019-ல் இருப்பவர்கள் அதே சர்வரிலேயே மேலேற்றிக்கொள்ளலாம், டேட்டாபேஸை நகர்த்த வேண்டியதில்லை. லைசென்ஸ் மட்டும் இனி வருஷச் செலவு. எங்கள் ஜி.எம். சார் இப்போது டிஸ்கை விட்டுவிட்டு அந்த பில்லைப் பற்றிக் கேட்க ஆரம்பித்திருக்கிறார்.